பேட்டரி மேல் பழி போடுமுன்

பழைய கார் வைத்திருப்பவர்கள் எனக்குப் போன் செய்தால் முதல் வாக்கியத்திலேயே தீர்ப்பையும் சொல்லிவிடுவார்கள். “பேட்டரி போயிடுச்சு, எந்தக் கம்பெனி வாங்கலாம்?” செல்ஃப் சுற்றியதா, ஹெட்லைட் மங்கியதா, டேஷ்போர்டில் சிவப்பு லைட் எப்போது எரிந்தது என்பதெல்லாம் தானாக வராது. கேட்டுக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலையிலேயே தலை நரைத்தவன் நான். ஐம்பது வயதைத் தாண்டிய கார்களில் ‘பேட்டரி போச்சு’ என்று வரும் புகார்களில் பெரும்பாலும் பேட்டரி அடி வாங்கிய கட்சிதான். அடித்தது வேறு யாரோ. அந்த யாரோவைப் பிடிக்காமல் புதுப் பேட்டரி போட்டால் அதுவும் அதே அடியை வாங்கும்.

போன மழைக்காலத்துக்கு முன்னால் சென்னை மந்தைவெளியில் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு பார்க்கப் போனேன். 1966 மாடல். இந்த வண்டி நம் ஊரிலேயே, வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு ஆலையில் 1961 முதல் செய்யப்பட்டது. மூலம் இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டு. உருவத்தை வரைந்தவர் இத்தாலிக்காரர் ஜொவான்னி மிக்கெலாட்டி. எலக்ட்ரீஷியனுக்கு இதைப் போல வசதியான வண்டி கிடையாது. பானெட்டும் இரண்டு பக்க மட்கார்டும் ஒரே துண்டாக முன்னால் சாய்ந்து திறக்கும். முன் டயர் மேல் உட்கார்ந்தபடியே எல்லா வேலையையும் பார்க்கலாம். என் முதுகு இன்னும் நேராக இருப்பதில் ஹெரால்டுக்கும் பங்கு உண்டு.

வண்டிக்காரர் ஓய்வு பெற்றவர், என்னைவிட மூத்தவர். அப்பா வாங்கிய கார். “இது மூணாவது பேட்டரிப்பா. முதல் ரெண்டும் வாரண்டி முடியறதுக்குள்ளயே படுத்துடுச்சு. பேசாம டைனமோவத் தூக்கிட்டு ஆல்டர்னேட்டர் போட்டுடலாமா?” என்றார். “முதல்ல அளந்து பார்த்துடலாம் சார்” என்றேன். என் பையில் இருந்த பெரிய ஆயுதம் சில நூறு ரூபாய் விலையுள்ள ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர். பேட்டரிக்குக் கொடுக்கும் பணத்தில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. பழைய கார் வைத்திருப்பவர்கள் ஒவ்வொருவரும் ஒன்று வாங்கி கிளவ் பாக்ஸில் போட்டு வைக்கலாம்.

யாருக்கு என்ன வேலை என்று முதலில் தெரிய வேண்டும். மாடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, கீழே மோட்டார் இருக்கிறது. தொட்டி காலியாகக் கிடந்தால், மோட்டார் ஏற்றவில்லையா, குழாயில் அடைப்பா, யாராவது குழாயைத் திறந்துவிட்டுப் போய்விட்டார்களா, தொட்டியே ஓட்டையா என்று வரிசையாகப் பார்ப்போம். எடுத்த எடுப்பில் தொட்டியை மாற்றுவதில்லை. காரில் பேட்டரிதான் தொட்டி, டைனமோதான் மோட்டார், ஒயர்களும் எர்த்தும் குழாய்கள்.

ஈயமும் கந்தக அமிலமும் சேர்ந்த இந்தப் பேட்டரியைப் பிரான்சில் காஸ்டோன் பிளாண்டே 1859-இல் செய்து காட்டினார். அடிப்படை இன்னும் மாறவில்லை. ஒரு செல்லுக்கு 2.1 வோல்ட், ஆறு செல் சேர்ந்தால் 12.6. முழுசாக சார்ஜ் ஏறி, சில மணி நேரம் சும்மா இருந்த நல்ல பேட்டரி 12.6-க்குக் குறையாமல் காட்டும். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி. 12.0 காட்டினால் கால் பங்குதான் மிச்சம். இங்கேதான் பலர் ஏமாறுவார்கள். “பன்னெண்டு வோல்ட் பேட்டரி, பன்னெண்டு காட்டுது, அப்புறம் என்ன?” என்பார்கள். 12.0 காட்டும் பேட்டரி கிட்டத்தட்டக் காலி.

வண்டி ஓடி நின்ற உடனே அளந்தாலும் ஏமாற்றம்தான். தகடுகளின் மேல்பரப்பில் மட்டும் நிற்கும் சார்ஜ் 13-ஐக்கூடக் காட்டும். ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் போட்டு அணைத்து, கொஞ்சம் பொறுத்து அளந்தால் உண்மை வெளியே வரும்.

மூடி திறக்கிற பேட்டரியானால் ஹைட்ரோமீட்டர் இன்னும் நம்பகமானது. நம் ஊர் வெயிலுக்கு ஏற்ப முழு சார்ஜில் ஆசிட்டின் அடர்த்தி 1.240-லிருந்து 1.260 வரை இருக்கும். ஆறு செல்லும் ஒரே அளவில் குறைந்திருந்தால் பேட்டரிக்கு சார்ஜ் போதவில்லை என்று பொருள். ஐந்து ஒரு மாதிரியும் ஒன்று மட்டும் 0.050-க்கு மேல் தாழ்ந்தும் இருந்தால் அந்த செல் அடிவாங்கிவிட்டது. அப்போதுதான் புதுப் பேட்டரி பற்றிப் பேச வேண்டும். மூடி திறக்காத மெயின்டனன்ஸ் ஃப்ரீ வகையில் ஒரு பச்சைக் கண் வைத்திருப்பார்கள். அது ஆறில் ஒரு செல்லைத்தான் பார்க்கிறது. மற்ற ஐந்தைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

மந்தைவெளிப் பேட்டரி 12.1 காட்டியது. கழற்றி எடுத்துவந்து மெதுவாக சார்ஜ் போட்டேன். 35 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் 3.5 ஆம்பியர், பத்தில் ஒரு பங்கு, அதுதான் கணக்கு. அவசரக்காரர்கள் 15, 20 ஆம்பியரில் ஏற்றித் தகடுகளை வளைத்துவிடுவார்கள். ராத்திரி முழுக்க ஏறிய பிறகு, எதிலும் இணைக்காமல் இன்னொரு நாள் அப்படியே வைத்தேன். 12.6 அசையாமல் நின்றது. மூன்றாவது பேட்டரி சாகவில்லை, பட்டினி கிடந்திருக்கிறது.

பட்டினி நீண்டால் சாவுதான். பேட்டரி இறங்கும்போது தகடுகளில் ஈய சல்ஃபேட் படிகிறது. உடனே சார்ஜ் ஏற்றினால் கரைந்துவிடும். வாரக்கணக்கில் விட்டால் அது கெட்டிப் படிகமாகி, பிறகு எந்த சார்ஜருக்கும் அசையாது. முதல் இரண்டு பேட்டரிகளும் அப்படிப் போயிருக்கத்தான் வாய்ப்பு. இதில் வெயிலும் கூட்டாளி. குளிர்தான் பேட்டரிக்குப் பகை என்று வெளிநாட்டுப் புத்தகங்கள் எழுதும், ஏனென்றால் அங்கே குளிரில்தான் செல்ஃப் அடம் பிடிக்கும். ஆயுளைத் தின்பது வெப்பம். சும்மா இருக்கும் பேட்டரி தானாக இறங்கும் வேகம், வெப்பம் 10 டிகிரி கூடினால் ஏறக்குறைய இரட்டிப்பாகும்.

பேட்டரியை மாட்டிவிட்டு செல்ஃப் அடிக்கச் சொன்னேன். முழு சார்ஜில் இருந்தும் இழுத்து இழுத்துத்தான் சுற்றியது.

இந்த இடத்தில் நிறைய பேர் டெஸ்ட் லேம்பை எடுத்து செல்ஃப் டெர்மினலில் வைத்து, “கரண்ட் வருது, செல்ஃப் மோட்டார்தான் போச்சு” என்று அதைக் கழற்றப் போவார்கள். டெஸ்ட் லேம்ப் குடிப்பது ஒரு ஆம்பியருக்கும் குறைவு. இந்த அளவு எஞ்சினைச் சுற்ற செல்ஃப் மோட்டார் 150 ஆம்பியர் வாக்கில் இழுக்கும். துருப்பிடித்த ஒரு இணைப்பில் ஒரு ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருக்கிறது என்று வையுங்கள். லேம்புக்கு அது ஒரு பொருட்டே இல்லை. 150 ஆம்பியர் போகும்போது அதே இடத்தில் ஒன்றரை வோல்ட் காணாமல் போகும். மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்தாலும் அவ்வளவு சின்னத் தடையைச் சரியாகக் காட்டாது. ஆகவே தடையை அளக்காதீர்கள். செல்ஃப் சுற்றும்போது எந்த இடத்தில் எத்தனை வோல்ட் தொலைகிறது என்று பாருங்கள். பழைய காரின் மின்சாரத்தில் ஒரே ஒரு வித்தை கற்றுக்கொள்வதானால் இதைத்தான் சொல்வேன்.

செய்முறை சுலபம். எஞ்சின் ஸ்டார்ட் ஆகிவிடாமல் இக்னிஷன் காயிலுக்குப் போகும் சின்ன ஒயரைக் கழற்றிவிட வேண்டும். ஒருவர் செல்ஃப் அடிக்க, இன்னொருவர் மீட்டரைப் பார்க்க வேண்டும். பேட்டரியின் இரண்டு முனைகளில் 10.9 நின்றது. செல்ஃப் சுற்றும்போது 9.6-க்குக் கீழே போகாத பேட்டரி நல்ல பேட்டரி. ஆக இது பாஸ். செல்ஃப் மோட்டாரின் டெர்மினலுக்கும் அதன் உடம்புக்கும் நடுவே அளந்தால் 8.7. நடுவழியில் 2.2 வோல்ட் எங்கேயோ போகிறது.

அடுத்து வழியை இரண்டாகப் பிரித்தேன். மீட்டரின் ஒரு முள்ளைப் பேட்டரியின் கரண்ட் முனையில், கிளாம்பில் அல்ல, ஈய முனையின் மேலேயே வைத்து, மற்றதை செல்ஃப் டெர்மினலில் வைத்தால் 0.4 வோல்ட். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் பரவாயில்லை. எர்த் முனையிலிருந்து எஞ்சின் பிளாக்குக்கு வைத்தால் 1.8. இது 0.2-ஐத் தாண்டவே கூடாது. மேலும் பிரித்தேன். எர்த் முனைக்கும் கிளாம்புக்கும் 0.1, கிளாம்புக்கும் பாடிக்கும் 0.1, பாடிக்கும் எஞ்சினுக்கும் 1.6. திருடன் அங்கே இருந்தான்.

ஹெரால்டில் பாடியும் சேஸியும் தனித்தனி. போல்ட் போட்டுத்தான் சேர்த்திருப்பார்கள். பேட்டரியின் எர்த் பாடியில் இறங்குகிறது; எஞ்சினின் எர்த் பட்டை சேஸியில் இறங்குகிறது. இரண்டுக்கும் நடுவே இருக்கும் இணைப்பு அந்த போல்ட்டுகள்தான். “சார், எப்ப பெயின்ட் அடிச்சீங்க?” என்று கேட்டேன். அவர் யோசித்து ஒரு வருடத்தைச் சொன்னார். சொல்லும்போதே அவர் முகம் மாறியது. முதல் பேட்டரி படுத்தது அதற்கு அடுத்த வருடம். பாடியைத் தூக்கி, சேஸிக்குத் தனியாக பெயின்ட், பாடிக்குத் தனியாக பெயின்ட், போல்ட் உட்காரும் ஒவ்வொரு இடத்திலும் பளபளவென்று பூச்சு. பெயின்ட் மின்சாரத்தைக் கடத்தாது. பார்க்க அழகாகப் புதுப்பித்த கார்களில் எர்த் கோளாறு இவ்வளவு வருவதற்குக் காரணம் இதுதான்.

அப்போதுதான் அவருக்கு இன்னொன்றும் நினைவு வந்தது. “செல்ஃப் ரொம்ப நேரம் அடிச்சா சோக் கம்பி சுடுதேப்பா, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?” நல்ல சம்பந்தம். எஞ்சினிலிருந்து பாடிக்குத் திரும்ப நேர்வழி அடைபட்டால், மின்சாரம் சோக் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள் என்று கிடைத்த சந்தில் எல்லாம் நுழையும். சோக் கேபிள் புகைந்து உறை உருகிய கார்களைப் பார்த்திருக்கிறேன். பாடியின் தீச்சுவரில் ஒரு இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, உலோகம் மின்னும் அளவு தேய்த்து, அங்கிருந்து எஞ்சினுக்கு நேராகப் பின்னல் செம்புப் பட்டை ஒன்று போட்டேன். 1.6 இருந்த இடத்தில் ஒன்றும் இல்லாத மாதிரி ஆயிற்று. செல்ஃப் சிட்டாகச் சுற்றியது.

ஆறு வோல்ட் கார் வைத்திருப்பவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அமெரிக்கக் கார்கள் 1950-களின் நடுப்பகுதி வரைக்கும், ஃபோக்ஸ்வேகன் பீட்டில் 1960-களிலும் ஆறு வோல்ட்தான். அதே வேலைக்கு இரண்டு மடங்கு ஆம்பியர் வேண்டும். அதற்குத் தகுந்த தடித்த கேபிளை எடுத்துவிட்டு, கடையில் கிடைத்த 12 வோல்ட் கேபிளைப் போட்டால் செல்ஃப் ஒருநாளும் உற்சாகமாகச் சுற்றாது.

வண்டிக்காரர் பர்ஸை எடுத்துவிட்டார். வேலை பாதிதான் முடிந்திருந்தது. கெட்ட எர்த் செல்ஃபை சோம்பேறியாக்கும். பேட்டரியைப் பட்டினி போடுவதற்கு அது மட்டும் போதாது. சார்ஜ் ஆகும்போது ஓடுவது பத்து, பதினைந்து ஆம்பியர்தான். அந்தத் தடையில் தொலைவது ஒரு சின்னப் பங்கு. ஒரு குற்றவாளி கிடைத்த சந்தோஷத்தில் தேடலை நிறுத்திவிட்டால் அடுத்த மாதம் மறுபடியும் போன் வரும்.

“சிவப்பு லைட் எப்படி எரியுது சார்?” என்றேன். ஐட்லிங்கில் எரிகிறது, வேகம் எடுத்தால் அணைகிறது, ஆனால் ராத்திரி ஹெட்லைட் போட்டு ஓட்டினால் லேசாகத் தணல் மாதிரி தெரிகிறது என்றார். பகலில் கண்ணுக்குப் படாது. இந்த மூன்றாவது தகவலுக்காகத்தான் நான் காத்திருந்தேன்.

அந்த லைட்டின் ஒரு பக்கம் இக்னிஷன் வழியாகப் பேட்டரியோடும், மறுபக்கம் டைனமோவோடும் இணைந்திருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே வோல்ட் ஆனால் அணையும். டைனமோ வண்டிக்கு ஐட்லிங்கில் அது எரிவது குறையே அல்ல. டைனமோ மெதுவாகச் சுற்றும்போது ஒன்றும் தராது. எஞ்சின் கொஞ்சம் வேகம் எடுத்த பிறகுதான் சார்ஜ் தொடங்கும். ஆல்டர்னேட்டர் வண்டி ஓட்டிப் பழகியவர்கள் சிக்னலில் இதைப் பார்த்துப் பதறுவார்கள். ஆனால் வேகத்தில் லேசாக எரிந்தால், டைனமோ பக்கம் ஒரு வோல்ட்டும் பேட்டரி பக்கம் வேறொரு வோல்ட்டும் நிற்கிறது. நடுவே ஏதோ தடுக்கிறது.

முதலில் ஃபேன் பெல்ட். நீளமான பகுதியில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் வாக்கில் அமுங்க வேண்டும். தளர்ந்தால் வழுக்கும், இறுக்கிக் கட்டினால் டைனமோவின் பேரிங் அழும். இங்கே பெல்ட் சரியாகவே இருந்தது.

அடுத்து டைனமோவைத் தனியாக விசாரிக்க வேண்டும். லூகாஸ் டைனமோவின் பின்பக்கம் இரண்டு டெர்மினல் இருக்கும். பெரியது ‘டி’, சின்னது ‘எஃப்’. இரண்டு ஒயரையும் கழற்றிவிட்டு, இரண்டு டெர்மினலையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்து, அங்கிருந்து டைனமோவின் உடம்புக்கு மீட்டரை வைத்து, எஞ்சினை ஸ்டார்ட் செய்து மெல்ல வேகம் கூட்ட வேண்டும். வோல்ட் தடுமாறாமல் மளமளவென்று ஏற வேண்டும். 20-ஐத் தாண்ட விடக்கூடாது, கட்டுப்பாடு இல்லாத டைனமோ தன்னையே எரித்துக்கொள்ளும். ஒன்றுமே காட்டாவிட்டால் கார்பன் பிரஷ்ஷைப் பாருங்கள். தேய்ந்திருக்கும் அல்லது சிக்கியிருக்கும். அரை, ஒரு வோல்ட்டோடு நின்றால் ஃபீல்டு காயிலில் கோளாறு. அந்தச் சின்ன வோல்ட் இரும்பில் மிச்சமிருக்கும் காந்தத்தால் வருவது. நான்கைந்து வோல்ட்டில் நின்றால் ஆர்மேச்சர். மீட்டரின் ஒரு பார்வையில் டைனமோவின் எந்தப் பாகம் கெட்டது என்று தெரிந்துவிடும். இப்படிக் கழற்றாமலே பேசும் கருவியை நான் வேறு பார்த்ததில்லை.

கம்யூட்டேட்டர் கறுத்திருந்தால் பெட்ரோல் நனைத்த துணி போதும், மிஞ்சினால் நைஸ் உப்புத்தாள். எமரித் தாள் கூடாது. அதன் துகள் செம்புப் பட்டைகளின் நடுவே சிக்கிக்கொண்டு தொல்லை கொடுக்கும். பின்பக்கப் புஷ்ஷுக்கு ஆயில் விட ஒரு துளை உண்டு. அதில் இரண்டு மூன்று சொட்டுதான் விட வேண்டும். பாசத்தில் அதிகமாக விட்டால் பிரஷ் ஆயிலில் ஊறிவிடும்.

இங்கிலாந்தின் லூகாஸும் டிவிஎஸ் குடும்பமும் சேர்ந்து 1961-இல் தொடங்கிய லூகாஸ்-டிவிஎஸ் ஆலை சென்னையில் பாடி என்ற பகுதியில் இருக்கிறது. லூகாஸ் மின்சாமான்களைக் கேலி செய்து இங்கிலாந்துக்காரர்கள் வண்டி வண்டியாக ஜோக் வைத்திருக்கிறார்கள். அந்த ஜோக்குகளில் எனக்கு உடன்பாடு இல்லை. அறுபது வருடம் கழித்தும் பிரஷ் மாற்றினால் எழுந்து ஓடுகிற பொருளை வேறு யார் செய்தார்கள்?

மந்தைவெளி டைனமோவும் அப்படித்தான். வோல்ட் அழகாக ஏறியது. அதைத் தூக்கி எறியத்தான் பேச்சு நடந்துகொண்டிருந்தது!

மிச்சமிருந்தது கட்-அவுட் பெட்டி. அதற்குள் இரண்டு காயில். ஒன்று ரெகுலேட்டர், டைனமோவின் வோல்ட் எல்லை மீறாமல் பார்த்துக்கொள்ளும். மற்றது கட்-அவுட், டைனமோ வோல்ட் பேட்டரியைத் தாண்டும்போது, 13 வாக்கில், இரண்டையும் இணைக்கும். எஞ்சின் மெதுவானால் பிரித்துவிடும். பிரிக்காவிட்டால் பேட்டரி டைனமோவை மோட்டாராகச் சுற்றப் பார்க்கும். பெல்ட் பிடித்திருப்பதால் அது சுற்ற முடியாமல் சூடாகும், புகையும். எஞ்சினை அணைத்த பிறகு ஆமீட்டர் முள் கழித்தல் பக்கம் சாய்ந்தே கிடந்தாலோ கருகிய வாசனை வந்தாலோ யோசிக்காமல் பேட்டரி எர்த்தைப் பிடுங்குங்கள்.

இங்கே கட்-அவுட்டின் பாயின்ட் கரி பிடித்துக் கறுத்திருந்தது. தணல் மாதிரி எரிந்த சிவப்பு லைட்டுக்குக் காரணம் அதுதான். பேட்டரியைப் பிரித்துவிட்டு நைஸ் உப்புத்தாளால் தேய்த்து, ஸ்பிரிட் துணியால் துடைத்து, பெட்டியின் டெர்மினல்களையும் சுத்தம் செய்தேன். எஞ்சின் வேகத்தில் பேட்டரி முனையில் 14.0, ஹெட்லைட் போட்டால் 13.4. லைட் முழுசாக அணைந்தது. ரெகுலேட்டர் ஸ்குரூவை நான் தொடவில்லை. அந்தப் பெட்டியை பேட்டரி இணைப்பில்லாமல் சோதிக்கும்போது 16 வோல்ட் வாக்கில் காட்டும்படிதான் செட் செய்திருப்பார்கள். அதைப் பார்த்துப் பயந்து 14-க்கு இறக்கி வைப்பவர்கள் உண்டு. அப்புறம் அந்த வண்டிக்கு ஆயுள் முழுக்க அரை வயிறுதான்.

ஹெட்லைட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தக் காலத்துச் சிறிய பிரிட்டிஷ் கார்களில் வந்த லூகாஸ் சி40 டைனமோவின் முழு வரவு 22 ஆம்பியர். யாரோ சொன்னதைக் கேட்டு வண்டிக்காரர் 100 வாட் ஹாலஜன் பல்ப் போட்டிருந்தார். இரண்டும் சேர்ந்து 16, 17 ஆம்பியர். இக்னிஷன் காயில் 4, பின்விளக்கும் டேஷ்போர்டும் 2. வரவு முழுக்கச் செலவாகிவிட்டது, பேட்டரிக்கு மிச்சமில்லை. அதுவும் நல்ல வேகத்தில் போனால் கிடைக்கும் வரவு. லஸ் முனை சிக்னலில் நிற்கும்போது டைனமோ கொடுப்பது பூஜ்யம். பல்பை இறக்கச் சொன்னேன்.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமைப் பழக்கம். “வாரம் தவறாம பத்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி விடுவேன், பேட்டரி சார்ஜ் ஆகட்டும்னு” என்றார் பெருமையாக. ஊரெல்லாம் இதைத்தான் செய்கிறார்கள். கணக்குப் போடுவோம். பத்து வினாடி செல்ஃப் அடித்தால் 150 ஆம்பியரில் 0.4 ஆம்பியர்-மணி போச்சு. பத்து நிமிட ஐட்லிங்கில் இக்னிஷன் குடிப்பது 0.6, 0.7. சோக் இழுத்து வேகமாக ஓடும் கொஞ்ச நேரம் ஏதோ திரும்பி வரும். மற்றபடி டைனமோவிலிருந்து வரவு இல்லை. ஞாயிறுக்கு ஒரு ஆம்பியர்-மணி நஷ்டம். பத்து ஞாயிறில் 35-இல் பத்து காலி. சும்மா விட்டிருந்தாலே நல்லது. ஸ்டார்ட் செய்தால் வெளியே எடுத்து, ஹெட்லைட் இல்லாமல் அரை மணி நேரமாவது ஓட்ட வேண்டும்.

ஓட்டுவதிலும் இப்போது ஒரு சிக்கல் உண்டு. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய, பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டிகளை வின்டேஜ் என்று பதிவு செய்ய மத்திய அரசு 2021-இல் விதி கொண்டுவந்தது. எண் பலகையில் ‘விஏ’ என்ற எழுத்துகள் வரும். அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, பேரணி, எரிபொருள், பராமரிப்பு போன்ற காரியங்களுக்குத்தான் சாலையில் எடுக்கலாம், தினசரி ஓட்டத்துக்கு அல்ல. நிற்கிற நாள்தான் அதிகம். அப்படி நிற்கும் வண்டிக்கு, நிரம்பியதும் தானாக மிகச் சிறிய அளவுக்கு இறங்கிக்கொள்ளும் பராமரிப்பு சார்ஜர்தான் சரி. அது இல்லாவிட்டால் எர்த்தில் ஒரு கட்-ஆஃப் சுவிட்ச்.

நிற்கும்போது எங்கேயாவது கசிகிறதா என்று பார்ப்பது சின்ன வேலை. எர்த் கேபிளைக் கழற்றி, முனைக்கும் கேபிளுக்கும் நடுவே டெஸ்ட் லேம்பை வையுங்கள். எல்லாம் அணைந்த நிலையில் லேம்ப் எரிந்தால் யாரோ குடிக்கிறார்கள். ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கினால் பிடித்துவிடலாம். பெரும்பாலும் பின்னால் சேர்த்த ஸ்டீரியோதான். பேட்டரியின் தலையில் ஆசிட் ஈரமும் தூசியும் சேர்ந்தாலும் கசியும். மீட்டரின் ஒரு முள்ளை முனையில் வைத்து மற்றதைப் பிளாஸ்டிக் மேல் இழுத்துப் பாருங்கள், வோல்ட் காட்டினால் ஆப்ப சோடா கரைத்த தண்ணீரால் கழுவுங்கள், மூடிக்குள் போகாமல். உள்ளே ஊற்ற டிஸ்டில்ட் வாட்டர் மட்டும்.

கழற்றும்போது எர்த் முதலில், மாட்டும்போது எர்த் கடைசியில். சார்ஜ் ஏறும் பேட்டரி ஹைட்ரஜனைக் கக்கும்; ஒரு பொறி போதும், மூடி கூரையில் போய் அடிக்கும். மோரிஸ் மைனர் போன்ற பிரிட்டிஷ் கார்களில் 1960-களின் நடுப்பகுதியைத் தாண்டியும் பாசிட்டிவ்தான் எர்த். பக்கத்து வீட்டுக் காரிலிருந்து ஜம்பர் கேபிள் போடுவதற்கு முன்னால் எந்த முனை பாடிக்குப் போகிறது என்று கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் ஆல்டர்னேட்டர் கேள்வி மறுபடியும் வந்தது. தினமும் ராத்திரி நெரிசலில் ஓடும் பழைய அம்பாசிடர் என்றால் போடத்தான் சொல்வேன், ஐட்லிங்கிலும் சார்ஜ் வரும் என்பது சின்ன லாபம் அல்ல. ஆனால் 22 ஆம்பியருக்கு என்று போட்ட ஒயரில் அதைவிட அதிகமாக ஓடவிட்டால் ஒயர் சுடும், பழைய ஆமீட்டர் தாங்காது, பாசிட்டிவ் எர்த் வண்டியை முதலில் மாற்றியாக வேண்டும். மாதம் இரண்டு தடவை பெசன்ட் நகர் போய்வரும் ஹெரால்டுக்கு இத்தனை வம்பு எதற்கு? டைனமோ இருக்கட்டும் என்று முடிவாயிற்று. கட்-ஆஃப் சுவிட்சும் வாங்கிவந்தார்.

கிளம்பும்போது அவருக்கு ஒரே ஒரு குறை. பளபளவென்று இருக்கும் எஞ்சின் அறையில் என் செம்புப் பட்டை மட்டும் கண்ணை உறுத்துகிறதாம். “அதுக்கும் பாடி கலர்லயே பெயின்ட் அடிச்சுடலாமா?” என்றார். “நடுவுல அடிச்சுக்குங்க சார், ரெண்டு முனையிலயும் பிரஷ் படக்கூடாது” என்று சொல்லிவிட்டு வந்தேன்.